ஆணியில் தொங்கிய மண்டோர்

பினாங்குத் தீவுக்குப் பெயரே பாக்குதான்; மலாயில் பினாங் என்றால் பாக்கு. அதனால் அங்கே பாக்குக் கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்களை மேய்க்கிற மண்டோர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் செத்த பிறகும் ஒன்பது மாதம் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்த மண்டோர் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் திருநாவுக்கரசு. உயிரோடிருந்த காலத்தில் அவன் அவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்தவனில்லை.

கதை அவனுடையதல்ல, அவன் பெண்டாட்டி நவமணியுடையது. ஆனாலும் அவனிடமிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. அவளுடைய எந்தக் காரியத்துக்கும் அவன் பெயரைத்தான் முதலில் சொல்லியாகவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

முதலாளி ஷேக் அலாவுதீன் மரைக்காயரின் ஆபீசு சூலியா தெருவில் இருந்தது; கிடங்கு கடற்கரை ஓரத்தில். சுமத்ராவின் அச்சேயிலிருந்து தொங்கான் படகுகளில் பாக்கு மூட்டைகள் வந்து படகுத்துறை ஜெட்டியில் இறங்கும். கொட்டி, புடைத்து, நல்லது வேறு சொத்தை வேறு என்று பிரித்து, மறுபடி மூட்டை கட்டினால் நாகப்பட்டணத்துக் கப்பலில் ஏறும். பிரிக்கிற வேலைக்கு நாற்பத்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து செய்வதை நின்று பார்க்க ஐந்து ஆண்கள். மண்டோர் ஒருவர், தராசுக்காரர் ஒருவர், காவல்காரர் ஒருவர், மூட்டை தைக்கிறவர் ஒருவர். ஐந்தாமவருக்கு என்ன வேலை என்று கிடங்கு கட்டிய நாளிலிருந்து யாருக்கும் தெரியாது. மற்ற நாலு பேரும் நிற்கிறார்களா என்று பார்ப்பதற்காக இருக்கலாம்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே ஆள் கிராணி சீனி முகம்மது. ஆள் எடுப்பது, பட்டியில் பெயர் எழுதுவது, ஆஜர் போடுவது, ஆளை நிறுத்துவது எல்லாம் அவர் கையில். ஐம்பது வயது, கறுப்புத் தொப்பி, மழை வந்தாலும் வராவிட்டாலும் கக்கத்தில் குடை. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. எழுதியதை அடிக்கப் பயப்படுகிற மனுஷர், அவ்வளவுதான்.

திருநாவுக்கரசுக்கு மண்டோர் வேலை கிடைத்தது அவன் உயரத்தைப் பார்த்து. பெயருக்கேற்ற நாக்கு, ஆனால் அது ஆண்டதெல்லாம் கள்ளுக்கடையைத்தான். நல்ல பாக்கையும் ஆட்டுப் புழுக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யோசித்துத்தான் சொல்வான். அவனுக்குச் சோறு கொண்டுவந்த நவமணி ஒருநாள் அந்த யோசனையைப் பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கீழே வைத்து, குவியல் முன்னால் குந்தினாள். குந்தியவள் எட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு அப்படியொரு காது. இரண்டு பாக்கை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். உள்ளே புழு இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுவாள் என்று கிடங்குப் பெண்கள் பீற்றிக்கொள்வார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவளுடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் பாக்கில் இல்லை, ஆட்களில் இருந்தது. காது கூர்மையானவளைத் தட்டிப் பார்க்கவும், கண் கூர்மையானவளைப் பூஞ்சணம் பார்க்கவும் உட்கார்த்தினாள். ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே செவிட்டுக் கிழவி ஒருத்தியைப் போட்டாள். பிள்ளைத்தாச்சிகள் முறம் தூக்கக்கூடாது என்றாள். கைக்குழந்தைக்காரிகள் நாளுக்கு இரண்டு தடவை எழுந்துபோய், பின்கட்டு மரத்தில் கட்டிய தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். இவை எதுவும் கம்பெனிக்குத் தெரியாது. எல்லாம் மண்டோர் உத்தரவு என்று பெயர். மண்டோரோ மூங்கில் பெஞ்சில் வாய்பிளந்து கிடப்பான்.

கம்பெனி அவனுக்கு ஒரு காக்கிக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்தது. பினாங்குப் புழுக்கத்தில் அதை யார் போடுவார்கள்? காலையில் வந்ததும் வாசல் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிடுவான். கோட்டு தொங்கினால் மண்டோர் வந்துவிட்டார் என்று பொருள். சீனி முகம்மது தெருவில் நின்றபடியே கோட்டைப் பார்ப்பார், பட்டியில் ஆஜர் போடுவார், தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். இது கிடங்கில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. கடைசி இரண்டு வருஷம் கோட்டைக் கொண்டுவந்து மாட்டியதும் நவமணிதான்.

ஒரு மாசி மாதம், நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த அண்ணனைப் பார்க்கப் போன திருநாவுக்கரசு, காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு நவமணி திரும்பி வந்தாள். அழுதாளா என்றால், அழுதாள். படகில் வரும்போது அழுகை நின்று, ஒரு கணக்கு ஓடியது. மண்டோர் இல்லையென்றால் வேறு மண்டோர் வருவான். வருகிறவன் பால் கொடுக்க விடுவானா? தன்னைத்தான் உட்கார விடுவானா? மறுநாள் காலை நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக வந்தாள். கோட்டை ஆணியில் மாட்டினாள். பெண்கள் அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டு முறத்தை எடுத்தார்கள்.

நாற்பத்தாறு பெண்கள் ஒன்பது மாதம் ஒரு ரகசியத்தைக் காத்தார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் ஆண்களாக இருப்பார்கள். நின்றுகொண்டிருந்த அந்த நாலு பேருக்கும்கூட விஷயம் எட்டவில்லை. மண்டோர் கண்ணில் படாதது அவர்களுக்குப் புதிதுமில்லை. சம்பள நாளில் அவர் அனுப்பினதாகச் சொல்லி நவமணியே வாங்கிக்கொண்டாள். கிராணியார் எப்போதாவது தெருவிலிருந்து குரல் கொடுப்பார்: "மண்டோர் எங்க?"

"இப்பத்தான் ஜெட்டிப் பக்கம் போனாரு" என்பாள் ஒருத்தி.

"பாசாருக்குச் சாக்கு வாங்கப் போயிருக்காரு" என்பாள் இன்னொருத்தி.

"வயிறு சரியில்லையாம், பின்கட்டுக்குப் போயிருக்காரு. கூப்புடட்டுங்களா?" என்பாள் ஜெயலெட்சுமி. இருபது வயது, நாலு மாதக் கைக்குழந்தைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"வேணாம் வேணாம்" என்று கிராணியார் போய்விடுவார். இப்படியாகத் தீவிலேயே ஓயாமல் நடமாடிய ஆள் அந்தச் செத்த ஆள்தான்.

வினை என்னவென்றால், அந்த ஒன்பது மாதமும் கிடங்கு அவ்வளவு நன்றாக நடந்துவிட்டது. உயிரோடிருந்தவரைக்கும் திருநாவுக்கரசு வாரத்துக்கு ஒருநாளாவது புத்தி தெளிந்து எழுந்து ஏதாவது கெடுப்பான். அந்தத் தொல்லையும் இப்போது இல்லை. இவ்வளவு சுத்தமான பாக்கு பினாங்கிலிருந்து வந்ததே இல்லை என்று நாகப்பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. முதலாளிக்கு மனசு குளிர்ந்துபோய், புதிதாகத் திறக்கப்போகிற இரண்டாவது கிடங்கையும் திருநாவுக்கரசு மண்டோர் பொறுப்பிலேயே விடுவது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஆபீசுக்கு வரச்சொல்லி மாலை போடுவது என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமையே நவமணி சூலியா தெருவுக்குப் போனாள். பொட்டை அழித்துவிட்டுப் போனாள்.

சீனி முகம்மது மேசைமுன் உட்கார்ந்து தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கிராணியாரே, நாளைக்கு மண்டோர் வரமாட்டாரு."

"ஏன், காய்ச்சலா?"

"செத்துப்போயிட்டாரு."

கிளாசைக் கீழே வைத்தார். "நேத்துக்கூடக் கோட்டப் பாத்தேனே. எப்ப?"

"மாசி மாசம்."

அவர் விரல்களை மடக்கினார். ஒரு கை போதாமல் மறு கைக்குப் போனார். "அப்ப ஒம்பது மாசமா நான் யாருக்கு ஆஜர் போட்டேன்?"

"கோட்டுக்கு."

"என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டியே தாயி. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் முக்காலிய இல்ல தூக்கி வெளிய வைப்பாரு."

"வேலை எதாச்சும் கொறைஞ்சுச்சா?"

"அது வேற பேச்சு."

"அதுதான் பேச்சு. இந்த ஒம்பது மாசமும் நான்தான் பாத்தேன். அதுக்கு முன்னால எட்டு வருசமும் நான்தான் பாத்தேன். ஒங்களுக்குத் தெரியாததா? இனிமே என் பேரை எழுதுங்க."

"மண்டோர்னா?"

"மண்டோர்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே குழப்பம். "பொம்பளய மண்டோரா எழுதுன கிடங்கு இந்த ஊர்ல எங்கயாச்சும் உண்டா?"

"செத்தவர மண்டோரா எழுதுன கிடங்கு உண்டில்ல."

"செத்தாலும் ஆம்பள" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும், குரலைத் தாழ்த்தினார். "கேளு நவமணி. தராசுக்காரன் ஒனக்குக் கீழ நிப்பானா?"

"இப்பவும் என்னைக் கேட்டுத்தான் அவரு படிக்கல்லு வைக்கிறாரு."

"கேக்குறது வேற, கீழ நிக்கிறது வேற. அந்தக் கோட்டு ஆம்பளைக்குத் தைச்சது."

"கோட்டு எனக்கு வேணாம், ஒங்களுக்கே இருக்கட்டும். பேரு எழுதுனாப் போதும். பேரு இருந்தாத்தான் என் பிள்ளைங்கள நான் பாத்துக்க முடியும்."

அவளுக்குப் பிள்ளை கிடையாது. அந்த நாற்பத்தாறு பேரைத்தான் சொன்னாள்.

"யோசிக்கிறேன்" என்றார் கிராணியார். அவர் யோசித்தது தன் முக்காலியைப் பற்றி. மறுநாள் முதலாளியிடம், மண்டோர் போன வாரம் திடீரென்று மவுத்தாகிவிட்டார் என்று சொன்னார். முதலாளி கண்கலங்கி, விதவைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். அந்த அம்மா விருப்பப்பட்டால் கிடங்கிலேயே உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டு கூலி வாங்கிக்கொள்ளட்டும் என்று தயவும் பண்ணினார். மாலை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

புது மண்டோரைத் தேடும் பொறுப்பு ஆள் கிராணிக்கு. பாக்கு தெரிந்த ஆளைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். மூட்டை இறக்குகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவனுக்கும் மாட்டிப் பார்த்தார். முதல் ஆளுக்குத் தொளதொளத்தது. இரண்டாவது ஆளுக்குப் பொத்தான் தெறித்துக் கடலில் விழுந்தது. மூன்றாவது ஆளான யூசுப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. பரீட்சை அவ்வளவுதான்.

யூசுப் நல்லவன். முதல் நாளே நவமணியிடம் வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. நான் ஒண்ணும் கேக்கல. மூட்டை எறக்கிட்டு நின்னேன், புடிச்சு மாட்டிவிட்டுட்டாங்க. எனக்குப் பாக்குன்னா வாய்ல போடத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாள். பழையபடியே கிடங்கு நடந்தது. ஆனால் யூசுப் வெள்ளை மனசுக்காரன். கிராணியார் ஒருநாள் உள்ளே வந்து, "என்னடா, நாலஞ்சு எடம் காலியா இருக்கு?" என்று கேட்டபோது, "பால் குடுக்கப் போயிருக்காங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போவாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்.

"பால் குடுக்கவா கம்பெனி சம்பளம் குடுக்குது?" என்றார் கிராணியார். அன்றோடு அது நின்றது.

மறுநாள் மத்தியானம் பின்கட்டுத் தூளியில் குழந்தை கத்துகிறது. இங்கே ஜெயலெட்சுமியின் ரவிக்கை நனைகிறது. அவள் பாக்குக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவமணி யூசுப்பிடம் போனாள்.

"தம்பி, நீங்கதான் மண்டோர். போயி அவர்கிட்ட பேசுங்க."

"நான் புது ஆளுக்கா. நான் எப்படிப் பேசுறது? சூசா ஆயிடும், தொல்லை."

"பேச முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

"சரி. அப்ப பாக்கையும் நீங்களே பாருங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தவள், பக்கத்தில் இருந்தவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "ஒரே ஒரு கப்பல். அது போய்ச் சேரட்டும். அப்பறம் யாரைத் தேடிக்கிட்டு வர்றாங்கன்னு பாப்போம். வந்தா ரெண்டு விசயம் கேப்பேன். என் பேரு, ஒங்க பாலு."

ஜெயலெட்சுமிதான் ஆரம்பித்தாள். ஒரு பாக்கை உயரத் தூக்கிக் காட்டினாள். "மண்டோரே, இத கொஞ்சம் பாருங்க. நல்லதா, சொத்தையா?"

யூசுப் வந்து பார்த்தான். "நல்லதுதான்."

"மண்டோரே, இங்க ஒண்ணு."

"மண்டோரே, இது?"

நாற்பத்தாறு கைகள் உயர்ந்தன. யூசுப் கோட்டோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஓடினான். வேர்வையில் காக்கி கறுத்தது. நவமணி தன் குவியலை வாயை மூடிக்கொண்டு பிரித்தாள். நல்லதையும் சொத்தையையும் கலந்தே பிரித்தாள். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவள் வேலையைக் கெடுத்தது அன்றைக்குத்தான். கை கூசியது என்று பிற்பாடு ஒருத்தியிடம் சொன்னாளாம்.

கப்பல் போயிற்று. தை மாதம் நாகப்பட்டணத்துக் கடிதம் வந்தது. மூட்டையைப் பிரித்தபோது பாக்கு நடந்து வெளியே வந்தது என்று எழுதியிருந்தார்களாம், அவ்வளவு புழு. சூலியா தெருவில் முதலாளி போட்ட சத்தம் ஜெட்டிவரை கேட்டது. அன்று மாலையே சீனி முகம்மது கிடங்குக்குள் வந்து, நேரே நவமணி முன்னால் நின்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நவமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நவமணி, ஒரு மண்டோர் பத்தாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

"ஒனக்கும் தெரியுதுல்ல. நாப்பத்தாறு பொம்பளைங்கள ஒத்த ஆம்பள கட்டி மேய்க்க முடியுமா? அதான் இன்னும் ரெண்டு ஆம்பளைங்கள எடுத்துட்டேன். நாளைக்கு வர்றாங்க."

எழுந்தவள் மறுபடி குந்தினாள். கிராணியார் தொடர்ந்தார்.

"அவங்களுக்குச் சம்பளம் எங்கேர்ந்து வரும்? மூணு பொம்பளய நிறுத்தணும். யார நிறுத்துறதுன்னு நீ சொல்லு. ஒனக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

"மொதல்ல என்னை நிறுத்துங்க."

"ஒன்ன எங்க எழுதியிருக்கேன், அடிக்கிறதுக்கு? நீ மொதலாளி தயவுல ஒக்காந்திருக்க. பட்டியில உள்ள பேரா மூணு சொல்லு."

"சொல்லலன்னா?"

"யூசுப்பச் சொல்லச் சொல்வேன்." அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். "அவன் யாரச் சொல்வான்? வந்து சண்டை போட ஆள் இல்லாதவளாப் பாத்துச் சொல்வான். தாலி அறுத்தவளுங்க மூணு பேரு அந்த வரிசையில இருக்காளுங்க பாரு."

நவமணி பார்த்தாள். செவிட்டுக் கிழவியும் அதில் ஒருத்தி. அந்த மூவருக்கும் இந்தக் கூலியை விட்டால் உலை கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பிளை உள்ளவளைச் சொன்னால் அவளாவது ஒருவேளைக் கஞ்சி குடிப்பாள். அவளுக்கு வேறு எந்தக் கணக்கும் அப்போது ஓடவில்லை.

மூன்று பெயர் சொன்னாள். மூன்றாவது ஜெயலெட்சுமி, அவள் புருஷன் நகரசபை ரோட்டு வேலையில் இருந்தான்.

கிராணியார் குறித்துக்கொண்டு போனார். மற்ற இருவரும் அழுதுகொண்டே முறத்தை வைத்தார்கள். ஜெயலெட்சுமி அழவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியே போகும் வழியில் நின்றாள்.

"என் பேர எப்படிக்கா எடுத்தீங்க?"

"ஒன் புருசன் சம்பாதிக்கிறான், தாயி. அதான்."

"அவன் சம்பாத்தியம் வீட்டுக்கு வருதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" கோபமில்லாமல்தான் கேட்டாள். "ஒங்க வீட்டுக்கு வந்துச்சா?"

ஜெயலெட்சுமி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஒருநாள் அவள் பத்து காவான் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறொருத்தி கெடாவில் பார்த்ததாகச் சொன்னாள்.

புதிதாக வந்த இருவரும் கிடங்கில் நின்றார்கள். இப்போது நின்று பார்க்க ஏழு பேர். பாக்கைத் தட்டிப் பார்க்க அந்த ஏழு பேரில் ஒருவனுக்கும் தெரியாததால் நவமணி மறுபடி தட்ட ஆரம்பித்தாள்; கெட்ட சரக்கு இன்னொரு கப்பல் போனால் இன்னும் மூன்று பெயர் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சரக்கு தேறியது. ஆம்பிளைகள் கூடியதால் வேலை ஒழுங்குக்கு வந்தது என்று முதலாளி மகிழ்ந்தார். பால் கொடுக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சீனி முகம்மதுக்கு மட்டும் ஒன்று நன்றாகப் பிடித்துப்போயிற்று. நிறுத்தப்பட்ட மூன்று பேருக்காகவும் யாரும் வாசலில் வந்து சத்தம் போடவில்லை. பெண்பிள்ளையாக இருந்தாலும் ஆள் பார்த்துச் சொல்கிறாள் என்று முதலாளியிடம் மெச்சினார். அதன் பிறகு ஆள் குறைக்கவேண்டி வந்தபோதெல்லாம் நேரே அவளிடம்தான் வந்தார். ரப்பர் விலை விழுந்து ஊரே காய்ந்த வருஷம் மூன்று தடவை வந்தார். நாற்பத்து மூன்று முப்பத்தெட்டாகி, முப்பதாகி, பத்தொன்பதில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தடவை செவிட்டுக் கிழவியின் பெயரையும் சொன்னாள்.

பெண்கள் தாங்கள் விரித்து உட்காரும் சாக்குத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவளைச் சுற்றி ஒரு முறம் வைக்கிற அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. வாசலில் கிராணியாரின் குடை தெரிந்தால், அவரை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் நவமணியின் வாயைத்தான் பார்த்தார்கள்.